ஹ வராத வரிசை

பிரவீனா முதலில் சந்தேகப்பட்டது செருப்பைத்தான். காலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு ஏறும் பாதையில் பாதித் தூரம் வந்தபின் குனிந்து பார்த்தால், இடது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றது, எப்போது கழன்றது, ஒன்றும் தெரியவில்லை. திரும்பி இறங்கித் தேடினாள். வளைவில், தேயிலைச் செடிகளுக்கு அடியில் கிடந்தது. வார் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவு தூரம் வெறுங்காலில் ஏறியும் ஒரு கல்கூடக் குத்தவில்லையே என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை அவள்தான் பார்த்துவந்தாள். முப்பத்தேழு வயது. உறுதியான கைகள். அழுகிற பிள்ளையை இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு கஞ்சி கிண்டுவாள். கணவன் விஜேந்திரனுக்குத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் வேலை. ஒரே மகள் ஹம்சிகா அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள்.

இரண்டு கிழமைக்கு முன் மாத்தளைக்கு அப்பால் நாலந்தாவில் விஜேந்திரனின் அக்கா சுந்தரம்மா வீட்டில் கல்யாணம். விருந்து முடிந்து வந்தவர்களில் பலருக்கு வயிற்றுப்போக்கு. பிரவீனாவுக்குக் கொஞ்சம் கடுமைதான், காய்ச்சலும் இருந்தது. கொத்தமல்லித் தண்ணீர் குடித்துப் படுத்து எழுந்தாள், சரியாகிவிட்டது. அதை அவள் மறந்தும்விட்டாள்.

செருப்பு கழன்ற அன்று மத்தியானம், தொட்டிலிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கப் போனவளுக்குப் பாதியிலேயே கை விட்டுப்போனது. நல்லவேளை, பிள்ளை மெத்தையில்தான் விழுந்தது. பிரவீனா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் இறங்கி வரும்போது முழங்கால் இரண்டும் சொன்னபடி மடங்கவில்லை. பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மறுநாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. விஜேந்திரனும் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவரும் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, த்ரீவீலில் மாத்தளைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடியும் தட்டிப் பார்த்துவிட்டு, உடனே கண்டிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

அம்புலன்ஸில் போகும்போதே குரல் மாறிவிட்டது. குடிக்கக் கொடுத்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. கண்டியில் போய்ச் சேர்ந்தபோது மூச்சை இழுக்க நெஞ்சு எழும்பவில்லை. ஐசீயூவில் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டார்கள். மயக்க மருந்தில் சில நாட்கள் அவளுக்கு நினைவில்லாமல் போயின.

நினைவு வந்தபோது அவள் முழுதாக விழித்திருந்தாள். உடம்புதான் வரவில்லை. விரலை மடக்கு என்று மனம் சொன்னது, விரல் கிடந்தபடி கிடந்தது. வாய் அசையவில்லை. இமைகூட முழுதாக மூடவில்லை. கண் காய்ந்துவிடாமல் தாதிமார் அதில் களிம்பு பூசினார்கள். அதனால் எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. தலையை இடப்பக்கம் திருப்பி வைத்தால் கதவு தெரியும். வலப்பக்கம் வைத்தால் சுவர். எந்தப் பக்கம் என்பது அவள் கையில் இல்லை.

வலி மட்டும் குறைவில்லாமல் இருந்தது. போர்வை பட்டாலே கால் எரிந்தது. மூக்கின் ஓரத்தில் ஒருநாள் எதுவோ அரித்தது. அது தானாக அடங்கும்வரை அந்த அரிப்பைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறொன்றும் இருக்கவில்லை. தாதிமார் நல்லவர்கள். திருப்பிப் படுக்கவைக்கும் முன்னால் சிங்களத்தில் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார்கள். பிரவீனாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர்களுடைய வீட்டுக் கதை, பஸ் கதை, மாமியார் கதை எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தாள். சில இடங்களில் சிரிப்பு வந்தது. சிரிப்பு உள்ளேயே கிடந்தது.

ரஜீவன் என்ற இளம் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பார்க்கும் நேரத்தில் வந்த விஜேந்திரனிடம் கட்டிலருகில் நின்று அவர்தான் விளக்கினார்.

"வயித்துக்குள்ள ஒரு கிருமி வந்திருக்கு. அதை அழிக்க உடம்பு பிறபொருளெதிரி செய்தது. எல்லாருக்கும் நடக்கிறதுதான், அதாலதான் நாங்கள் உயிரோட இருக்கிறம். ஆனா அந்தக் கிருமியின்ர மேற்பக்கமும் எங்கட நரம்பின்ர உறையும் கொஞ்சம் ஒரே மாதிரி. கிருமி போயிட்டுது. பிறபொருளெதிரி இப்ப நரம்பைக் கிருமியெண்டு பிடிக்குது."

அவள் அப்படிக் கிடந்தாலும் எல்லாம் கேட்கும், ஆகவே அவளோடு கதையுங்கள் என்றும் சொன்னார். விஜேந்திரன் தலையாட்டினான். ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்றே அவன் எடுத்துக்கொண்டான். அசையாத முகத்தையும் பாதி திறந்த கண்ணையும் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறாள் என்று நம்ப அவனால் முடியவில்லை.

பிறபொருளெதிரி. பள்ளிக்கூடத்தில் படித்த சொல்தான். தடுப்பூசி நாளில் தாய்மாருக்குச் சொல்ல மிட்வைஃப் மிஸ் அதைச் சுருக்கி "எதிர்ப்புச் சக்தி" என்பார். இப்போது பிரவீனா அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தபடி கிடந்தாள். பிற பொருளுக்கு எதிரி. அப்படியானால் என் கால் எனக்குப் பிற பொருளா? முப்பத்தேழு வருடம் என்னோடு இருந்த கை, அந்நியமா? யார் மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. தன்னைக் காப்பாற்றக் கிளம்பியதே தன்னைப் பூட்டிவைத்திருந்தது.

மருந்தாக ஏற்றியதும் பிறபொருளெதிரிதான். ஆயிரக்கணக்கான மனிதர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது என்றார் ரஜீவன். அது போய் அவளுடைய பிழையான பிறபொருளெதிரியை அடக்கும், ஆனால் நரம்பு திரும்ப வளர நாளெடுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கண்ணாடிப் போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கி வடிந்தன. பொறுத்துக்கொள்வதைத் தவிர அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

சுந்தரம்மா வந்தது அதற்குப் பிறகு. நாலந்தாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் விஜேந்திரன். முதலில் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தாள். பிரவீனா பிழைத்து வந்தாலும் படுக்கையில்தான் கிடப்பாள், தூக்கவும் கழுவவும் ஆள் வேண்டும், ஆம்பிளை அதைச் செய்ய முடியாது என்றாள்.

"பொம்பளப் புள்ள வீட்டுல இருக்கு தம்பி. பள்ளிக்கூடத்த நிப்பாட்டிரு. ரெண்டு மூனு வருசம் தாயைப் பாக்கட்டும். பொறகு நம்ம பக்கத்துலயே ஒரு எடம் பாத்துக் குடுத்துரலாம்."

 பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாதம்தானே என்று விஜேந்திரன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். பரீட்சை அடுத்த வருடமும் வரும், தாய் வருவாளா என்று அவள் கேட்டாள். அவன் சரி என்று சொல்லவில்லை. "பாப்போம் அக்கா" என்றான். அவன் பார்ப்போம் என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்று பதினேழு வருடம் அவனோடு வாழ்ந்தவளுக்குத் தெரியும்.

பிரவீனா கத்தினாள். மெஷின் அதே தாளத்தில் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு துடித்ததில் மொனிட்டரில் சத்தம் எழுந்தது. தாதி ஓடிவந்து பார்த்து, நோயாளிக்கு வலிபோலும் என்று சொல்லி இருவரையும் வெளியே அனுப்பினாள்.

அதற்கு அடுத்த நாட்களில் ஒருநாள் காலை ரஜீவன் குனிந்து அவள் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தார். "அக்கா, நான் சொல்லுறது விளங்கினா மேல பாருங்கோ." அவள் மேலே பார்த்தாள். கருவிழி அசைந்தது. அவர் முகம் மாறியது. மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். வலிக்குதா, குளிருதா, லைட்டை அணைக்கட்டுமா என்று பல கேட்டார். கடைசியில், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் கண்ணை மேலே ஏற்றி இறக்காமல் வைத்திருந்தாள்.

தான் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வதாகவும் வேண்டிய எழுத்து வந்ததும் மேலே பார்க்கும்படியும் சொன்னார். முதலில் மெய்வரிசை, அதில் ஒன்று பிடிபட்டதும் உயிர்வரிசை. க, ங, ச, ஞ என்று தொடங்கினார். பிரவீனா காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். ஹம்சி. ழ, ள, ற, ன என்று வந்து வரிசை முடிந்தது. அவர் நிறுத்தினார். ஹ வரவில்லை.

களைப்பாக இருக்கிறாவாக்கும் என்று அவர் இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னார். மறுபடியும் ன-வில் முடித்தார். அந்த வரிசைக்கு வெளியே இன்னும் சில எழுத்துகள் இருக்கின்றன என்று சொல்ல அவளுக்கு வழி இல்லை. மகளுக்குப் பெயர் வைக்கும்போது ஹ-வில் தொடங்கும் பெயர்தான் அழகு என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். ரஜீவன் அவள் தோளில் கைவைத்து, பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு கிடந்தாள். ஹம்சி, ஹம்சி. எப்படிச் சொன்னாலும் அதே எழுத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது. ஒருவேளை அவளுக்கு மூளையிலும் பாதிப்பு என்று முடிவுகட்டிவிட்டால்? நாளைக்கு அவர் லீவில் போய்விட்டால்? பின்னேரம் தாதி வந்து தலையைக் கதவுப்பக்கம் திருப்பினாள். வெளியே யாரோ ஒரு பெண் தன் மகனைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். "மகன், இங்க வாங்க மகன்." அப்போதுதான் பிரவீனாவுக்கு உறைத்தது. பெயரில்லாமலும் சொல்லலாம்.

மறுநாள் ரஜீவன் ம என்றதும் அவள் கண் மேலே போனது. பிறகு க. பிறகு ள. "மகளோ?" என்று கேட்டார். ஆம். மகளைப் பார்க்க ஆசையா என்று கேட்டார். ஆசைதான், ஆனாலும் அவள் கீழே பார்த்தாள். மறுபடியும் வரிசை. ப. பிறகு ட-வுக்கு மேலே பார்த்து, இ என்ற உயிரெழுத்து வரும்வரை காத்திருந்து மறுபடியும் மேலே பார்த்தாள். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக, இடையில் கண் சோர்ந்து நின்று, பிறகு தொடங்கி, இரண்டு நாளாக அது நடந்தது. கடைசியில் அவரே கேட்டார்.

"மகளின்ர படிப்பை நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?"

அவள் மேலே பார்த்தாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவர் பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் விஜேந்திரன் தனியாக வந்தான். ரஜீவன் வெளியிலேயே அவனிடம் சொல்லியிருந்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தியா புள்ள?" என்றான். அவள் மேலே பார்த்தாள். அவன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, "சரி, அவ போகட்டும். அப்ப ஒன்னய யாரு பாக்குறது?" என்றான்.

அந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது வலது தோள். பிறகு கழுத்து. வாய்க்குழாய்க்குப் பதிலாகப் பின்னர் தொண்டையில் துளையிட்டு வைத்த குழாயை எடுத்தபோது அவள் குரல் கரகரத்த காற்றாக வந்தது. சாதாரண வார்டுக்கு மாற்றி, பயிற்சி கொடுத்து, உட்கார வைத்து, மாதங்கள் கழித்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கால்கள் இன்னும் நிற்கவில்லை. கையால் கரண்டியைப் பிடிக்க முடிந்தது, கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. கல்யாணச் சாப்பாட்டில் சரியாக வேகாத கோழியில் அந்தக் கிருமி இருந்திருக்கலாம், இல்லாவிட்டால் தண்ணீரிலும் இருந்திருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னதை விஜேந்திரன் தன் அக்காவிடம் ஒருபோதும் சொல்லவில்லை. ஹம்சிகாவை நிறுத்தாத கோபத்தில் சுந்தரம்மா வருவதை விட்டுவிட்டாள்.

விஜேந்திரன் ஸ்டோரில் கேட்டு மத்தியானத்துக்குப் பிந்திய வேலையாக மாற்றிக்கொண்டான். ஆம்பிளை செய்ய முடியாது என்று அக்கா சொன்னதையெல்லாம் செய்தான். முதல் நாட்களில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பிறகு பழகிப்போனது. அவன் வேலைக்குப் போன பிறகு ஹம்சிகா பள்ளிக்கூடம் விட்டு, பின்னேர வகுப்பும் முடிந்து வரும்வரை பிரவீனா தனி. குரங்குகள் உள்ளே வந்துவிடும் என்பதால் கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போவான். ஜன்னல் சிறியது. தகரக் கூரையில் வெயில் ஏறுவதும் மழை கொட்டுவதும் கேட்கும். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். தாகம் எடுத்தால் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் போத்தலைத் தூக்க முடியாமல் தட்டிவிட்டால் அன்று அவ்வளவுதான். ஐசீயூவிலாவது தாதிமாரின் பேச்சு இருந்தது என்று சில நாட்கள் நினைத்துக்கொள்வாள். இதை அவளே கேட்டு வாங்கினாள். அதனால் யாரிடமும் முறையிடவும் முடியவில்லை.

ஒருநாள் கட்டில் விளிம்புக்கு நகரப் பார்த்துச் சரிந்து விழுந்தாள். சீமெந்துத் தரையில் கன்னம் பதியக் கிடந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தக் குரல் கதவைத் தாண்டவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளும் ஹம்சிகாவின் கொண்டைப் பின்னும் கிடந்தன. வெளிச்சம் மங்கும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹம்சிகா கொண்டியைத் திறந்து உள்ளே வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே மண்டியிட்டாள்.

"நாளையிலருந்து நான் போகல அம்மா."

"விழல," என்றாள் பிரவீனா. "நானேதான் எறங்குனேன். பயிற்சி செய்யச் சொன்னாங்கல்ல."

கன்னத்தில் சீமெந்துத் தூசியும் உமிழ்நீரும் ஒட்டியிருந்தன. ஹம்சிகா சீருடை ஓரத்தால் துடைத்தாள். நம்பவில்லை என்று சொல்லவில்லை. தூக்கி உட்காரவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் பள்ளிக்கூடம் போனாள், ஆனால் போகும்போது கட்டிலோரம் இரண்டு நாற்காலிகளைக் கவிழ்த்து அணைவைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் அவள் சத்தமாக வாசித்துப் படிப்பாள். விஞ்ஞானப் புத்தகத்தில் நோயெதிர்ப்பைப் பற்றிய நிர்ப்பீடனம் என்ற பாடம் வந்தபோது தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டப் போனாள். பிரவீனா வாசிக்கச் சொன்னாள். ஹம்சிகா தயங்கித் தயங்கி வாசித்தாள். கிருமி உள்ளே வந்ததும் அதன் மேற்பரப்புக்குப் பொருந்தும் வடிவில் பிறபொருளெதிரி உண்டாகிறது. அது கிருமியில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் கிருமியால் உடற்கலத்துக்குள் நுழைய முடியாமல் போகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு இரத்தத்திலுள்ள வெண்குழியங்கள் வந்து அதை விழுங்குகின்றன. அந்தக் கிருமியின் நினைவு உடம்பில் தங்கிவிடுகிறது, அடுத்த முறை வந்தால் விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

"நெனவு இருக்குமா?" என்று பிரவீனா கேட்டாள்.

"இருக்குமாம் அம்மா."

 எதன் நினைவு இருக்கும், கிருமியுடையதா, நரம்புடையதா என்று கேட்டால் புத்தகத்தில் பதில் இருக்காது என்று பிரவீனாவுக்குத் தெரியும்.

ஹம்சிகா பரீட்சை எழுதினாள். பெரிதாகச் சொல்லும்படியான பெறுபேறு இல்லை. விஞ்ஞானத்தில் சாதாரணச் சித்தி, தேறியிருந்தாள், அவ்வளவுதான். உயர்தரத்தில் கலைப்பிரிவு படிக்க இடம் கிடைத்தது, மாத்தளையில் பள்ளிக்கூடம். சுந்தரம்மா செய்தி கேட்டு ஒரு பை நிறைய ரம்புட்டான் கொடுத்தனுப்பினாள், வரவில்லை.

பிரவீனா வாக்கரோடு எழுந்து நின்றாள், பிறகு கைத்தடியோடு நடந்தாள். பாதம் இன்னும் தொங்குகிறது, அதற்கு ஒரு பட்டை கட்டிக்கொள்கிறாள். பிள்ளைக்காம்பராவில் தூக்கும் வேலை இல்லாமல் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

அங்கே போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளை அவள் முகத்துக்கு நேரே தும்மியது. இரண்டு நாளில் அவளுக்குத் தொண்டை கரகரத்துக் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற சளித் தடிமன்தான். மிட்வைஃப் மிஸ்ஸும் கிளினிக்கில் டாக்டரும் அதையே சொன்னார்கள், அந்த நரம்பு நோய் திரும்ப வருவது மிக அபூர்வம் என்றார்கள். பிரவீனா கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் அழுத்தினாள். குளிர் தெரிகிறதா? தெரிகிறது. பெருவிரல்? அசைகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அழுத்தினாள். உள்ளே உடம்பு தன் வேலையைத் தொடங்கியிருக்கும், எதையோ பிடிக்க ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை அது எதைப் பிடிக்கப்போகிறது என்று அவளால் போய்ப் பார்க்கவும் முடியாது, சொல்லிவைக்கவும் முடியாது. ஹம்சிகா இஞ்சித் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாய் காலை அழுத்துவதைப் பார்த்தாள். தன் பாதத்தையும் அவள் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்து, சுண்டுவிரலால் மெல்ல இடித்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

நான்கு நாளில் காய்ச்சல் விட்டது. சளி இளகியது. கால் அப்படியே இருந்தது, முன்னைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்தாம் நாள் காலை பிரவீனா பட்டையைக் கட்டி, செருமிக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பிள்ளைக்காம்பராவுக்கு ஏறினாள். மழை விட்டிருந்தது. பாதை வழுக்கியது. ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்தே வைத்தாள்.